பாலம் கடக்காத வேலை
வேலை மாறும் காலம் – 7

சென்ற வாரம் கூலாய், செடெனாக் பக்கம் எழும்பிவரும் தரவு மையங்களைப் பார்த்தோம். அவற்றோடு சேர்ந்து ஒரு பேச்சும் ஜொகூரில் பரவியிருக்கிறது. ஊரெங்கும் டேட்டா சென்டர் வருகிறது, கம்ப்யூட்டர் பழகியவனுக்கு இனி வேலைப் பஞ்சம் இல்லை என்கிறார்கள். ஆனால் தரவு மையம் தேடுவது உயர் அழுத்த மின்சாரம் தெரிந்தவரை, குளிரூட்டும் இயந்திரம் பார்ப்பவரை, கேபிள் இழுப்பவரை. வெப்சைட் வடிவமைப்பவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. அவர் செய்த தளம் அந்த இயந்திரங்களில் ஒன்றில் குடியிருக்கலாம். அவருக்குச் சம்பளம் கொடுக்கப்போவது வேறு யாரோ.

அந்த வேறு யாரோ யார் என்பதுதான், வெப் டிசைனுக்கு மாறலாமா என்று யோசிக்கும் ஒருவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ஜொகூரில் இந்த யோசனை அடிக்கடி எழுவதற்குக் காரணம், சிங்கப்பூரோடு இணைக்கும் பாலம். 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தக் கடற்பாலத்தை நாளும் 3 லட்சம் பேருக்குக் குறையாமல் கடக்கிறார்கள். மாசாயிலும் ஸ்கூடாயிலும் விடியுமுன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். புக்கிட் சாகாரையும் வுட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலில் கடலைத் தாண்ட 5 நிமிடம் போதும் என்கிறார்கள். ரயில் ஓடினாலும் வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து வேலையிடம் என்ற அலைச்சல் மிச்சமிருக்கும். 35 வயதைத் தாண்டி, பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பித் தூங்கும்போதே திரும்பும் ஒருவருக்கு, ஒரு லேப்டாப்போடு வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை ஆசை காட்டத்தான் செய்யும். பட்டம் கட்டாயமில்லை, உரிமமும் வேண்டாம். வெப் டிசைன் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

கையில் இருப்பதும் கைவிட்டுப் போவதும்

சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியரின் அனுமதி, ஒரு முதலாளிக்கும் ஒரு வேலைக்கும் கட்டுப்பட்டது. வேலையை விட்டால் அனுமதியும் போய்விடும். அதே அனுமதியை வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் அங்குள்ள இன்னொருவருக்கு வெப்சைட் செய்து காசு வாங்கவும் முடியாது. மறுபடியும் அக்கரையில் டிசைனராக நுழையலாம் என்றால், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்குப் புதிதாக விண்ணப்பிப்பவரின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 சிங்கப்பூர் வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அதே ஆண்டு ஜனவரியிலிருந்து 5,600. ஆறு மாதம் படித்துவிட்டு வருபவருக்கு அந்தச் சம்பளம் கொடுக்க நிறுவனங்கள் வரிசையில் நிற்பதில்லை.

ஜொகூர் பாருவிலேயே மாதச் சம்பளத்தில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் வேலைக் காப்பீட்டுத் திட்டம், ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு முதல் மாதம் காப்பீட்டுச் சம்பளத்தில் 80 விழுக்காட்டை வேலை தேடும் உதவித்தொகையாகத் தருகிறது. தானாகவே ராஜினாமா கடிதம் கொடுத்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஆகவே கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபடும் நேரத்தில், ஆத்திரத்தில் முந்திக்கொண்டு கடிதம் நீட்டுவது நஷ்டம்.

ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப் அடுத்தது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளத்தில் முதலாளி போடும் 13 விழுக்காடு நின்றுவிடும். சொந்தத் தொழில் செய்பவர் ஐ-சரான் திட்டத்தில் தாமே பணம் போட்டால், அரசு அதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட்டாக, சேர்க்கிறது. முதலாளி போட்டுவந்த தொகைக்கு இது ஈடாகாது.

நேரம் என்ற இன்னொரு செலவும் உண்டு. இலவசமாகக் கற்றுத்தரும் ஃப்ரீகோட்கேம்ப் தளம், ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் சான்றிதழுக்கு ஏறத்தாழ 300 மணி நேரம் என்று கணக்குச் சொன்னது. வாரநாள் இரவுகளில் மொத்தம் நான்கு மணி, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி என்று ஒதுக்கினால் ஒன்பது மாதம் ஆகும். அதுவும் அடிப்படைதான்.

எந்திரம் எடுத்துக்கொண்டது, விட்டுவைத்தது

இனித் தொழிலின் நிலவரம். 2003இல் வேர்ட்பிரஸ் வந்தது. இன்று உலகத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. பிறகு விக்ஸ், கேன்வா வந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின், முகப்பு, எங்களைப் பற்றி, விலைப்பட்டியல், படங்கள், தொடர்பு என்ற ஐந்து பக்கத் தளத்தைக் கடைக்காரர் தாமே ஒரு மாலையில் உருவாக்கிக்கொள்ள முடிகிறது. புதிதாக வருபவர்கள் கைப்பழகியது அந்த ஐந்து பக்கத் தளத்தில்தான். ஏணியின் முதல் படி கழன்றுவிட்டது.

சரி, இன்று இணையத்தில் இருக்கும் தளங்கள் நன்றாக இருக்கின்றனவா? அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் வெப்எய்ம், ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. பார்வைக் குறைவோ கை நடுக்கமோ உள்ளவரும் பயன்படுத்தும்படி இருக்கின்றனவா என்பதுதான் சோதனை. 2025இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் பிழை. பக்கத்துக்குச் சராசரி 51. அவற்றில் தலையானது, எழுத்து மங்கலாக இருப்பது. 79 விழுக்காட்டுப் பக்கங்களில் இந்தக் குறை.

ஒரு துளி காட்டினால் விளங்கும். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற சாம்பல் நிறத்தில் எழுதினால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 2.85க்கு 1. திரையில் பார்க்க நாசூக்காக இருக்கும். அனைத்துலக நெறி சாதாரண எழுத்துக்குக் கேட்பதோ 4.5க்கு 1. அதே சாம்பலைச் சற்று அடர்த்தியாக்கி 767676 என்று மாற்றினால் 4.54 வந்துவிடும். மாற்றியது ஆறு எண்கள்தான். உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கைப்பேசியில் கிளினிக் நேரத்தைத் தேடும் பாட்டிக்கு, அந்த ஆறு எண்களால்தான் எழுத்து தெரியும்.

ஜொகூருக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. இங்கே ஒரே கடை மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என நான்கு மொழியில் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் இரண்டு வரியாக மடிந்து வழியும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில், மேல்வரி எழுத்தின் அடிப்பகுதி கீழ்வரி எழுத்தின் மேற்குறியில் இடிக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு நொடியில் படும் குறை இது. படிக்கத் தெரியாத டிசைனர் அதைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்.

பழைய தொழிலோடு வந்தவர்கள்

தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்தவர்களின் வரலாறு இங்கே உதவும். பாலத்துக்கு அந்தப் பக்கம், நா. கோவிந்தசாமி எழுத்தாளர், பள்ளி ஆசிரியராக இருந்து தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரானவர். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றிய தளத்தை 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் திறந்துவைத்தபோது, அதில் தமிழ் தெரிந்ததற்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. 1999இல் மறையும்வரை இலக்கியத்தையும் கற்பித்தலையும் அவர் கைவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கு. கல்யாணசுந்தரம் வேதியியல் ஆய்வாளர். மயிலை எழுத்துருவை உருவாக்கியவரும், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு அவர் இதற்கு வரவில்லை.

மலேசியாவின் முத்து நெடுமாறன் வேறு வகை. 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளை முரசு அஞ்சலாகவும் செல்லினமாகவும் வளர்த்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார். அவர் வடிவமைத்த எழுத்துருக்கள் இன்று ஆப்பிள் கருவிகளுக்குள்ளேயே வருகின்றன.

மூவருக்கும் பொதுவானது ஒன்று. தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தேவை முதலில் இருந்தது. கணினி அதற்குப் பின்னால் வந்தது.

ஜொகூரில் மாற நினைப்பவருக்கும் இதே வரிசை பொருந்தும். பாசிர் கூடாங்கில் பத்து ஆண்டு சரக்கு ஆவணம் பார்த்தவருக்கு, ஒரு லாரி கம்பெனியின் தளத்தில் வாடிக்கையாளர் எந்த விவரத்தை எப்போது கேட்பார் என்று தெரியும். தாதியாக இருந்தவருக்கு, கிளினிக் முன்பதிவுப் படிவத்தில் எந்தக் கேள்வியில் முதியவர் திணறுவார் என்று தெரியும். இந்த அறிவை விக்ஸ் விற்பதில்லை. எந்தத் தொழிலிலும் ஆழமாக இருந்ததில்லை, படம் அடுக்குவது பிடிக்கும், அவ்வளவுதான் என்பவருக்கு இன்றைய நிலையில் வெப் டிசைன் நல்ல அடைக்கலம் அல்ல.

தகுதி இருப்பவர் மாதச் சம்பளம் வரும்போதே தொடங்கலாம். பழைய தொழிலில் தெரிந்த ஒருவருக்கு, ஜொகூர்ப் பக்கத்திலேயே, காசுக்கு ஒரு தளம் செய்து பார்க்கலாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. படிவத்தில் தொலைபேசி எண் வாங்கினாலே 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் போட வேண்டும். முதல் தளம் முடிந்து ஆறு மாதம் கழித்து, அதே வாடிக்கையாளர் விலையை மாற்றவோ புதிய பக்கம் சேர்க்கவோ மறுபடி கூப்பிட்டுக் காசு கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கூப்பிடுபவர்கள் நான்கைந்து பேராகி, அந்த வருமானம் வீட்டுக் கடன் தவணையைத் தாங்கும்போது ராஜினாமா கடிதத்தைப் பற்றிப் பேசலாம். யாரும் கூப்பிடவில்லை என்றால், கற்ற 300 மணி நேரத்தைப் பழைய அலுவலகத்திலேயே காட்டிப் பதவி உயர்வு கேட்கவும் வழி இருக்கிறது.

(அடுத்த வாரம்: சான்றிதழ் இல்லாமல் பல ஆண்டு வேலை பார்த்தவர்கள் அந்த அனுபவத்தைக் காட்டியே மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி)