பத்து நாள் கணக்கு தொழுகைக்கு, உடலுக்கு அல்ல



நம் டிரஸ்டுக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் பெண்களில் சிலர், இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்கு வந்த பிறகே வருகிறார்கள். பல மாதங்களாக உதிரப்போக்கு அதிகம் இருந்தும் வெட்கத்தால் வெளியே சொல்லவில்லை. ஆகவே இந்த விளக்கம்.

மாதந்தோறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. சினைமுட்டை வெளியானபின் புரோஜெஸ்டிரோன் சுரந்து அச்சவ்வை நிலைநிறுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் குறைந்து, சவ்வு உதிர்ந்து உதிரத்துடன் வெளியேறும். இதுவே ஹைளு. முட்டை வெளியாகாத மாதங்களில் சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒழுங்கில்லாமல் உதிரும். பெண் வயதுக்கு வந்த ஆரம்ப காலத்திலும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் இப்படி ஆவதுண்டு. கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு கோளாறு, இரத்தம் உறையாத குறை, சிலருக்குப் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம்.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்காததை நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள். அது ஹைளு அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உள்ளது. மார்க்கம் இதை இஸ்திஹாளா என்கிறது. அந்நிலையில் தொழுகையும் நோன்பும் கடமையே. அந்த ஸஹாபிப் பெண்மணி கேட்கத் தயங்காததை நாம் மருத்துவரிடம் கேட்கத் தயங்குவானேன்?

ஒரு தவறான எண்ணமும் நம்மிடம் உண்டு. ஹைளின் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபிஈயில் 15 நாள். எனவே அதுவரை போனால் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். அது இபாதத்துக்கான சட்டம். மருத்துவக் கணக்கில் 8 நாளைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 24 நாளுக்குள் மீண்டும் வருவது, 38 நாளுக்கு மேல் தள்ளிப்போவது, மணிக்கொரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாக விழுவது, இடைநாளிலோ உறவுக்குப் பின்போ உதிரம் படுவது ஆகியவையும் அப்படியே. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ஒரு துளி பட்டாலும் உடனே காட்டுங்கள்.

மூச்சிரைப்பு, தலைசுற்றல், முகம் வெளுத்தல் இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. ரமலானுக்காகவும் ஹஜ்ஜுக்காகவும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். கணவன்மார்களே, தகப்பன்மார்களே, அவர்கள் சொல்லட்டும் என்று காத்திராமல் நீங்களே கேட்டு அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்