மூச்சுக்கு மைக் வைத்தவர்கள்

1977, பெல்கிரேடு. மாணவர் பண்பாட்டு மையத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மூக்குத் துவாரங்களை சிகரெட் ஃபில்டரால் அடைத்துக்கொண்டு, எதிரெதிரே மண்டியிட்டு, வாயோடு வாய் பொருத்திக்கொண்டார்கள். அவர் விட்ட மூச்சை இவர் இழுத்தார், இவர் விட்டதை அவர் இழுத்தார். தொண்டையில் ஒட்டியிருந்த மைக்குகள் அந்த இழுப்பையும் திணறலையும் கூடம் முழுக்கக் கொண்டுபோயின. சுமார் 19 நிமிடம். அதற்குமேல் கைமாற்றிக்கொள்ள ஆக்ஸிஜன் மிச்சமில்லை. மூச்சை ஒலியாக்கிய படைப்புகளில் என் வரிசையில் இதற்குத்தான் முதலிடம். செலவானது அவர்களுடைய சொந்த மூச்சு. பார்க்க வந்தவர்களிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு பழைய கதையைத் தோண்டினேன். மூச்சொலிக் கலைக்கு இப்போது நாற்சந்திக்கும் ரயில் நிலையத்துக்கும் வர ஆசை. கலைஞரின் மூச்சு போதவில்லை, கடந்துபோகிறவர்களின் மூச்சும் வேண்டியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், வீதியில் மூச்சு மைக்கில் சிக்காது. மூச்சொலிக்கு சுருதி கிடையாது. மூக்குக்குள் காற்று முட்டிச் சுழன்று எழுப்பும் மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். ஒரு பஸ் கிளம்பினால் ஆயிரம் பேருடைய மூச்சும் அதில் அமுங்கிவிடும். ஆகவே மைக்கை ஓரங்கட்டிவிட்டு சென்சாரைக் கொண்டுவந்தார்கள். மார்பு ஏறி இறங்குவதை அது அளக்கும். வரும் எண்களைக் கணினி ஒலியாக மாற்றும். அதாவது நம் காதுக்கு வருவது மூச்சே அல்ல, மூச்சின் கணக்கு. ஒலி காற்றோடு போய்விடும். கணக்கு அப்படிப் போவதில்லை. சேமிக்கலாம், நகலெடுக்கலாம், விற்கலாம்.

1995-ல் வந்த 'ஆஸ்மோஸ்' என்ற மெய்நிகர் படைப்பிலும் மூச்சைத்தான் அளந்தார்கள். இழுத்தால் மேலே மிதக்கலாம், விட்டால் கீழே இறங்கலாம். ஆனால் அதற்கு சென்சார் பொருத்திய ஓர் உடையை நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொள்வதே சம்மதம். 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த உடைக்கும் வேலையில்லாமல் செய்துவிட்டார்கள். வயர்லெஸ் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து, எட்டு மீட்டர் தூரத்திலிருப்பவரின் மூச்சையும் இதயத்துடிப்பையும் கணக்கிட்டார்கள். நடுவில் சுவர் இருந்தாலும் முடிகிறது.

2025-ல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் சுமார் நூறு பேரின் மூக்கில் குழாய் பொருத்தி, ஒரு நாள் முழுக்க மூச்சைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண்பதில் 96.8 சதவீதத் துல்லியம் கிடைத்தது. மனப்பதற்றத்தின் சாயல்கூட மூச்சில் தெரிந்ததாம். வீதியில் வைக்கும் கருவிக்கு மூக்குக் குழாயின் நுணுக்கம் இன்று இல்லைதான். கருவிகள் இருந்த இடத்திலேயே நிற்பதும் இல்லை. 'கூட்டத்தின் மூச்சைக் கலந்துவிட்டால் ஆள் அடையாளம் ஏது?' என்று கலைஞர்கள் தரப்பில் கேட்பார்கள். கேட்கட்டும். கலப்பதற்கு முந்தைய எண்கள் எங்கே போகின்றன என்பதே என் கேள்வி.

வீதிக்கு வந்த எல்லா ஒலிப் படைப்புகளும் இப்படி எடுப்பதில்லை. டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் கம்பிவலைக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வருகிறது. அதே 1977-ல் வைத்த படைப்பு. இடையில் பத்தாண்டுகள் ஓய்ந்து 2002-ல் திரும்ப உயிர்பெற்றது. அங்கே பெயர்ப்பலகை இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. மிதித்துப் போகிற பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. எனக்கு அதில் புகார் இல்லை. அது கொடுக்கிறது, எடுக்கவில்லை. எடுப்பதென்றால் அதைச் சொல்லும் பலகை வேண்டும்.

பலகை வைத்தவர்களும் உண்டு. 2012-ல் ஹவானாவில், முதிய பாடகி ஒருவரின் மூச்சைக் காகிதப் பையில் பிடித்து, நாளுக்குப் பத்தாயிரம் முறை அது உப்பிச் சுருங்கும்படி வைத்தார் ஒரு கலைஞர். (சிதம்பரம் பொன்னம்பலக் கூரையின் 21,600 ஓடுகள் நம் ஒருநாள் மூச்சின் கணக்கு என்பார்கள். அந்தப் பை நம்மில் பாதிகூட மூச்சுவிடவில்லை.) மறு வருடமே அவர் 61 பைகளோடு ஒரு கண்ணாடி அறை கட்டினார். முன்னால் போனவர்கள் விட்ட காற்றைத்தான் உள்ளே போகிறவர் சுவாசிக்க வேண்டும். மூச்சுத் திணறலாம், தொற்று வரலாம், பீதி ஏற்படலாம் என்ற எச்சரிக்கை வெளியிலேயே இருந்தது. படித்துவிட்டுத் திரும்பிப் போகலாம்.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் 2008-லேயே உடல் அடையாளத் தகவல்களுக்கு எழுத்துப்பூர்வ சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. விழித்திரை, கருவிழி, கைரேகை, குரல், கை அல்லது முகத்தின் வடிவம் என்று அந்தச் சட்டம் பட்டியலிடுகிறது. மூச்சு அதில் இல்லை.

ஆகவே பொறுப்பு படைப்பை நிறுவுகிறவர்களிடம்தான் வருகிறது. எதை அளக்கிறோம், எங்கே வைக்கிறோம், எப்போது அழிப்போம் என்று எழுதி வைக்கட்டும். கருவிக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை நட்டுப் பயனில்லை; படிக்க வரும்போதே மூச்சு கணக்கில் ஏறியிருக்கும். அலை எட்டாத தூரத்தில் நட வேண்டும். வேண்டாம் என்பவர் சுற்றிப் போக இன்னொரு வழியும் விட வேண்டும். காலை எட்டரை மணி ரயில் நிலையத்தில் அந்த வழிக்கு எங்கே இடம்?