பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும் பம்ப்ளிமாஸ் தோல்

பம்ப்ளிமாஸ் பழத்தின் தடித்த தோல் நேராகக் குப்பைக்குத்தான் போகும். தண்ணீரில் கலந்த பாதரசத்தைக் கண்டறியும் துகள்களை அதிலிருந்தே செய்யலாம் என்று 2012-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நறுக்கிய தோலையும் தண்ணீரையும் டெஃப்ளான் உள்ளுறை கொண்ட எஃகுக் கலத்தில் இறுக மூடி, 200 டிகிரி செல்சியசில் மூன்று மணி நேரம் வைக்கிறார்கள். வீட்டுக் குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. இந்தக் கலத்துக்குள்ளோ அழுத்தம் வளிமண்டலத்தைவிடப் பதினைந்து மடங்கு ஏறிவிடும். வீட்டில் முயலவே கூடாது. தோலில் உள்ள சர்க்கரையும் செல்லுலோசும் நீரை இழந்து கரியாகின்றன. கசடை நீக்கினால் மிஞ்சும் பழுப்புத் திரவத்தின்மேல், கள்ளநோட்டைப் பார்க்கும் புறஊதா விளக்கைப் பிடியுங்கள்: நீலமாக ஒளிரும்.

ஒளிர்பவை கார்பன் புள்ளிகள். 10 நானோமீட்டருக்கும் சிறிய கரித்துகள்கள். 2004-இல் அமெரிக்காவில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்திகரிக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டவை. காட்மியத்தில் செய்யும் குவாண்டம் புள்ளிகளும் இப்படி ஒளிரும். ஆனால் காட்மியமே நஞ்சு. நஞ்சைத் தேடத் தண்ணீரில் இன்னொரு நஞ்சைக் கரைப்பானேன்?

துகளின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட வேதித்தொகுதிகள் உள்ளன. பாதரச அயனி அவற்றைப் பற்றிக்கொண்டால், ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றல் வேறு வழியில் போய்விடும், நீலம் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து பாதரசத்தின் அளவைக் கணக்கிடலாம். குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. அந்த ஆய்வில் கண்டறிய முடிந்த மிகக் குறைந்த அளவு அதிலும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கரும்புச் சக்கை, நெல் உமி போன்றவற்றிலிருந்தும் கார்பன் புள்ளிகள் செய்திருக்கிறார்கள்.

கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணில் கலந்தது நமக்குத் தெரியும். அத்தகைய இடங்களில் பல ஓடைகளை, பல பருவங்களில், அடிக்கடி சோதித்தாக வேண்டும். மலிவான சோதனை வேண்டுமென்பது அதனால்தான்.

ஆனால் தோல் இலவசம் என்பதாலேயே சோதனை மலிவாகிவிடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு நுண்ணிய மங்கலைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதை அளக்கும் ஒளிர்வுமானி விலை கூடியது. கலங்கிய நீர் தானே புறஊதாக் கதிரை விழுங்கிவிடும். இரும்பு அயனியும் பலவகைக் கார்பன் புள்ளிகளை மங்கச் செய்யும். பழத்துக்குப் பழம் தோலும் மாறும். ஆகவே ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும், பாதரச அளவு தெரிந்த நீரில் புள்ளிகளைச் சோதித்து அளவுகோல் வகுத்த பிறகே ஓடை நீருக்குப் போக வேண்டும். எல்இடி விளக்கும் கைபேசிக் கேமராவும் ஒளிர்வுமானியின் வேலையை நம்பகமாகச் செய்யும்போதுதான் இந்தச் சோதனை ஊராட்சிக்கு வரும்.