மிதிவண்டியும் படக்கருவியும்



எளிய மனிதனின் காலுக்கு ஒன்றும் கண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு பொருள்கள் ஒரே ஆண்டில் கிடைத்தன. அந்த ஆண்டு 1888. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்கென்று செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு அவ்வாண்டில் உரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன், நூறு படங்களுக்கான சுருளை உள்ளே வைத்த 'கோடக்' என்னும் கைக்கருவியை அதே ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் பாதுகாப்பான மிதிவண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இலேயே இங்கிலாந்தில் செய்திருந்தார் எனினும், எலும்பெல்லாம் குலுங்க ஓடிய அவ்வண்டி மெத்தென்று ஓடத் தொடங்கியது டன்லப்பின் டயருக்குப் பிறகே. அதுபோலவே, படம் பிடிப்பதும் ஈஸ்ட்மனுக்குப் பிறகே பொத்தானை அழுத்தும் எளிய வேலையாயிற்று.

இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அலைந்து வருபவன் நான். அந்த உரிமையில் இன்று உங்களோடு பேசுகிறேன்.

என் வண்டி 1964இல் என் தந்தையார் வாங்கியது. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டி அது. என் காலத்துச் சிறுவர் பலரையும் போல, இருக்கை எட்டாத வயதில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தே நானும் கற்றேன். இன்று அதில் புதிதாக மாற்றப்படாத உறுப்புகள் சட்டமும் கைப்பிடியும் மட்டுமே. ஆயினும் அது பழைய வண்டிதான்; கனமானது, நெடியது, அவசரத்துக்கு உதவாதது. அதன் சிறப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். என் வண்டியின் முன்பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்பல்சக்கரத்தில் 18. ஆகவே மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டே முக்கால் முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். எனவே ஒரு மிதிக்கு வண்டி 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. நிமிடத்துக்கு 40 முறை நிதானமாக மிதித்தால் மணிக்கு 14 கிலோமீட்டர். நடப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். ஆனால் அதே தொலைவை நடந்து கடக்க வேண்டிய ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்களவே இதற்குப் போதும். காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறவன் எட்டு மணிக்குள் நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் இருப்பான். மதுரை வட்டாரத்தில் பார்க்கத் தகுந்தவற்றுள் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. கீழடி தென்கிழக்கே 12 கிலோமீட்டர். அழகர்கோயில் வடக்கே 21 கிலோமீட்டர். திருப்பரங்குன்றம் அதைவிட மிக அருகில்.

மணிக்கு 14 கிலோமீட்டர் என்பது கண்ணுக்கு ஏற்ற வேகம். பழைய வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து செல்வதனால், வேலிக்கு அப்பால் இருக்கும் கிணறும் களத்துமேடும் தெரியும். விசைப்பொறி இல்லாமையால், மடையில் நீர் விழும் ஓசையைக் கேட்ட இடத்திலேயே காலை ஊன்றி நின்றுவிடலாம். மோட்டார் வண்டிக்காரர் நிறுத்தலாமா வேண்டாமா என்று எண்ணி முடிப்பதற்குள் அந்த இடம் பின்னே போய்விடும்.

இன்னொன்றையும் மிதிவண்டி கற்பிக்கிறது. மதுரைச் சமவெளி பார்வைக்குத் தட்டையாகத் தோன்றும். ஆனால் கால்களுக்கு அது தட்டையன்று. சோழவந்தானை நோக்கி வைகைக் கரையோரமாக வடமேற்கே செல்லுங்கள். மிதியில் ஒரு சிறு பாரம் ஏறும். திரும்பி வரும்போது அந்தப் பாரம் இராது. வைகை வடமேற்கிலிருந்து தென்கிழக்கே பாய்கிறது என்று வரைபடத்தைக் காட்டி நான் எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். முழங்காலால் அதனை உணர்ந்த மாணவன் அதற்குப் பின் மறந்ததில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தனர். காலைவிட நன்கு தெரிந்தது எது? ஆடி மாதத்தில் மட்டும் இந்தச் சோதனை பொய்த்துவிடும். மேற்கிலிருந்து வீசும் காற்று, சரிவை எல்லாம் மறைத்துவிடும். அம்மாதத்தில் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, களைத்த நேரத்தில் காற்றோடு திரும்புவதே அறிவுடைமை.

இனிப் படக்கருவிக்கு வருவோம்.

மதுரையை முதன்முதலில் விரிவாகப் படம் பிடித்தவர்களுள் ஒருவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி. சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியிருந்தது. 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே வந்தார். அந்நாளில் படம் பிடிப்பதென்றால், பெட்டிகளையும் மருந்துகளையும் கூடாரத்தையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிவர வேண்டும். மெழுகு பூசிய தாளில் உருவம் பதிய நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் மனிதர்கள் அசையாமல் நிற்பார்களா? ஆகவே அக்காலப் படங்களில், நடமாடிக்கொண்டிருந்த மக்கள் எல்லாம் மறைந்துபோக, கல்லும் சுவரும் மரமும் மட்டும் நிலைத்துவிட்டன.

அவர் எடுத்த மதுரைப் படங்கள் அதே ஆண்டில் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றில் திருமலை நாயக்கர் மகால் சிதைந்து நிற்பதைக் காணலாம். நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்தபோதுதான் மகாலைச் செப்பனிடும் பணி நடந்தது. செப்பனிடுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள் சான்று. வைகையின் படம் ஒன்றும் உண்டு. ஏ.வி. பாலம் கட்டப்பட்டது 1889இல். ஆதலால் அப்படத்தில் பாலம் இல்லை. ஆற்றின் குறுக்கே தாழ்ந்த தரைப்பாலம் ஒன்று நகரை நோக்கிச் செல்கிறது. கல்பாலத்தருகே நின்று அப்படத்தை மனத்தில் கொண்டுவந்து பார்க்கும்போதெல்லாம், ஆற்றின் அகலமே எனக்கு வேறாகத் தோன்றும்.

நான் கல்லூரியில் பயின்றபோது என்னிடம் இருந்தது ஆக்பா கிளிக்-3 என்னும் எளிய கருவி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே சதுரப் படங்கள். சுருளின் விலையும் கழுவும் கூலியும் மாணவனுக்குப் பெருந்தொகை. அதனால் ஒருநாள் பயணத்தில் மூன்று படங்களுக்கு மேல் எடுக்க மனம் வராது. இன்று உங்கள் கைப்பேசி ஒரு நிமிடத்தில் முப்பது படம் எடுக்கும். கைப்பேசியை நான் பழிப்பவன் அல்லன். நானும் இப்போது அதனைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மூன்றே படம் என்று எனக்கு நானே விதித்துக்கொண்ட அளவை மட்டும் விடவில்லை. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதற்காகவே ஒருவன் ஓரிடத்தைச் சுற்றி நடந்து பார்க்கிறான் அல்லவா?

தேர்வில் முதன்மையானது ஒளி. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்நாட்களில் வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்: 12 மணி 18 நிமிட அளவில் அதன் நிழல் காணாமற்போகும். பன்னிரண்டு மணிக்கே போகாததன் காரணம் இந்தியப் பொதுநேரம். அது 82½ பாகைத் தீர்க்கரேகைக்குக் கணிக்கப்படுவது, நாமோ அதற்கு மேற்கே 78 பாகையை ஒட்டி வாழ்கிறோம். இது புவியியல். படம் எடுப்பவனுக்கு இதன் பொருள் வேறு. உச்சி வெயிலில் முகங்களின் கண்குழி கருத்துப்போகும், பாறை வெளிறிப்போகும். நம்மூரில் காலை எட்டரைக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்புமே கருவியை வெளியே எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

இதனை நேரிற் காண விரும்புவோர் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் செல்க. தேனிச் சாலையில் மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரங்களும் உண்டு; வண்டியை ஆல நிழலில் பூட்டிவிட்டுப் படியேறலாம். பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் பாறை முகத்தில் வரிசையாகச் சமணத் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வட்டெழுத்துகள். ஒளி நேரே விழும்போது அவ்வெழுத்துகள் வெறும் கீறல்களாகவே தோன்றும். ஒளி பாறையை உரசினாற்போலப் பக்கவாட்டில் வரும்போது, ஒவ்வொரு கீறலின் ஓரமும் ஒரு மெல்லிய நிழலைப் பெறுகிறது. கல்லுக்குள்ளிருந்து எழுத்து எழுந்து வருவதுபோல் இருக்கும். அந்த ஒளி கிட்டாத நாளில் கைவிளக்கைப் பக்கத்திலிருந்து பிடித்தாலும் ஓரளவு பயன் உண்டு. சிலர் எழுத்து தெரியவேண்டும் என்று சுண்ணக்கட்டியால் அதன்மேல் கோடிழுக்கின்றனர். அதனை ஒருபோதும் செய்யாதீர்கள். நாம் பிழையாகப் படித்ததைக் கல்லின்மேல் எழுதிவைத்து, அடுத்து வருபவனையும் பிழைபடப் படிக்கச் செய்வது அது.

இதுவரை சொன்னது இன்பம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இன்பத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றும் இருக்கிறது.

மதுரை வட்டாரம் கண்மாய்களின் நாடு. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மிகுநீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும். கரையும் மடையும் கலுங்கும் வரத்துக்கால்வாயும் சேர்ந்ததே கண்மாய். நீர் நிற்கும் பள்ளம் மட்டுமன்று. நான் அடிக்கடி செல்லும் ஒரு கண்மாயை, கரைமேலுள்ள ஒரு புளியமரத்தடியிலிருந்து, ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒருமுறை, ஒரே திசையை நோக்கிப் படம் எடுத்துவந்தேன். நோக்கம் எதுவும் இல்லை. அந்த இடம் பிடித்திருந்தது, அவ்வளவே. முதற் சில ஆண்டுகளின் படங்களில் நீரும் நாரையும் அக்கரைப் பனைகளும். பின்னர்ச் சீமைக்கருவேலம் ஓரத்தில் தலைகாட்டுகிறது. இன்னும் சில படங்கள் கழித்து அது பாதி நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது. பிறகு ஒரு படத்தில் வரத்துக்கால்வாய் இருந்த இடத்தில் வெள்ளையடித்த சிறு கற்கள் வரிசையாக நிற்கின்றன: மனைக் கற்கள். ஆண்டுக்கொருமுறை பார்த்தவனுக்கு எதுவும் திடீரென்று மாறியதாகத் தோன்றவில்லை. படங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பியபோதுதான் நடந்தது விளங்கியது. கால்வாயே அங்கு இருந்ததில்லை என்று பேச்சு எழுந்த காலத்தில், ஊரார் தங்கள் மனுவோடு அந்தப் படங்களின் பிரதிகளையும் இணைத்தனர். முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் கால்வாய் இருந்ததில்லை என்று அதன்பின் எவரும் சொல்லவில்லை.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி என்னும் ஊர் உண்டு. குடைவரைச் சிவன் கோயிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணப் படுகைகளும் உள்ள மலைகளின் நடுவே அமைந்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அவ்வாறு அறிவிக்கப்பெற்ற முதல் தலம் அதுவே. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு முதலாக ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்கே உண்டென அப்போது கூறப்பட்டது. பறவை தானே வந்து கணக்குக் கொடுப்பதில்லை. எவரெவரோ விடியற்காலைகளில் அங்கே சென்று, பொறுமையாக நின்று, பார்த்ததைக் குறித்துவைத்ததனால்தான் அந்த எண் கிடைத்தது. 2024 நவம்பரில் அப்பகுதியையும் உட்கொண்ட நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, ஊர்மக்கள் எதிர்த்தெழுந்தனர். அவர்கள் கையில் வெறும் உணர்ச்சி மட்டும் இருக்கவில்லை. இன்ன குன்றில் இன்ன கல்வெட்டு, இன்ன ஊருணி, இன்ன பறவை என்று சொல்லத்தக்க பட்டியலும் இருந்தது. 2025 சனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது.

உங்களில் பலர் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டியைப் பெற்றவர்கள். கல்லூரி சேர்ந்ததும் அதனை மாட்டுக் கொட்டகையில் சாத்திவிட்டு மோட்டார் வண்டிக்கு ஏங்குவோர் உண்டு. அந்த வண்டியை வெளியே எடுங்கள். பிரேக்குக் கட்டையையும் சங்கிலியையும் பார்த்து எண்ணெய் இடுங்கள். முதலில் உங்கள் ஊர்க் கண்மாயைச் சுற்றி வாருங்கள். நெடுஞ்சாலையும் சுற்றுச்சாலையும் மிதிவண்டிக்கு உரியன அல்ல, வண்டிப்பாதைகளும் கால்வாய்க் கரைகளுமே உரியன. எடுத்த படத்துக்கு நாள், நேரம், இடம், நீங்கள் நின்று நோக்கிய திசை ஆகிய நான்கையும் அன்றிரவே எழுதிவையுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை இதற்கு நல்ல நாள். டயரில் காற்றை மட்டும் சனிக்கிழமை மாலையே பார்த்துவிடுங்கள். ஞாயிறு விடியலில் பஞ்சர் ஒட்டும் கடை எதுவும் திறந்திராது.