மண்ணுக்குள் கசியும் பெட்ரோல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

பெட்ரோல் பங்க்கைப் பார்க்காதவர் இன்று யாரும் இல்லை. ஆனால் அங்கே பெட்ரோல் இருக்கும் இடத்தைப் பார்த்தவர் மிகச் சிலரே. நம் கண்ணுக்குத் தெரிவது பம்பு மட்டும்தான். அதன் அருகே மண்ணுக்குள் புதைக்கப்பட்ட தொட்டிகளில் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் நிரம்பியிருக்கிறது. தீ விபத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. எனினும், தீயிலிருந்து நம்மைக் காக்கும் அதே மண், தொட்டியில் விழும் ஓட்டையையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்த ஓட்டையால் விளையும் கேடு என்ன, அதைக் கண்டறிந்து போக்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கசிவு செல்லும் வழி

ஈரமண்ணில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது நாம் பள்ளியிலேயே படித்தது. துருப்பிடித்த தொட்டியிலிருந்தோ, குழாயின் இணைப்பிலிருந்தோ சொட்டும் பெட்ரோல், மண் துகள்களின் இடைவெளி வழியே கீழே இறங்குகிறது. ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியது நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும், நீரைவிட இலேசானதாகையால், அதன்மேல் படலமாக மிதக்கிறது. அப்படலத்திலுள்ள பென்சீன், டொலுவீன் முதலியவை சிறிது சிறிதாக நீரில் கரைந்து, நீரோட்டத்தோடு நகர்கின்றன.

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுப் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 8.8 கிராம். அது முழுவதும் நீரில் கலந்தால், 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்!

ஆராயும் முறை

முதல் சாட்சி பங்க்கின் கணக்குப் புத்தகமே. தொட்டிக்குள் அளவுகோலை விட்டு எண்ணெய் மட்டத்தை நாள்தோறும் பார்க்கிறார்கள். வந்த அளவு, விற்ற அளவு, இருப்பு ஆகிய மூன்றும் ஒத்துவராமல் குறைவு தொடர்ந்தால், கசிவு உண்டோ என ஐயுற வேண்டும். பின்னர் மண்ணைத் துளைத்துப் பல ஆழங்களிலிருந்து மாதிரிகள் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள்.

அடுத்து, கண்காணிப்புக் கிணறுகள் போடப்படும். என் தந்தை கிணறு வெட்டும் தொழிலாளி. நிலத்தடி நீரும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே போகும் என்பது அவருடைய அனுபவம். ஆய்வாளர்கள் அதையே அளந்து பார்க்கிறார்கள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட்டால், நீர் ஓடும் திசை தெரிந்துவிடும். மாசு யாருடைய கிணற்றை நோக்கிச் செல்கிறது என்பதும் அதனால் விளங்கும்.

தூய்மை செய்யும் முறை

முதல் வேலை கசிவை நிறுத்துவது. பிறகு, மிதக்கும் எண்ணெயைப் பம்பு வைத்து எடுப்பார்கள். கெட்ட மண் குறைவாயின் தோண்டி அகற்றுவார்கள். மிகுதியாயின், மண்ணில் குழாய்களை இறக்கி, உள்ளிருக்கும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றுவார்கள். மாசுபட்ட நீரை இறைத்து, கிளர்வூட்டப்பட்ட கரியின் வழியே செலுத்தி வடிகட்டுவதும் உண்டு. மண்ணில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியாக்கள் பென்சீன் போன்றவற்றை உண்டு சிதைக்க வல்லவை. அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைக்க, நிலத்துக்குள் காற்றைச் செலுத்துவார்கள்.

ஒரு நகரம் தரும் பாடம்

இத்தனை வழிகள் இருக்கக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாண்டா மோனிகா நகரம் இதற்கு விடை சொல்கிறது. அந்நாட்டில் பெட்ரோல் நன்றாக எரிவதற்காக எம்.டி.பி.இ. என்னும் பொருளைச் சேர்த்து வந்தனர். அது நீரில் எளிதில் கரையும். மண்ணில் அதிகம் ஒட்டாது. பாக்டீரியாக்களுக்கும் எளிதில் இரையாகாது. பெட்ரோல் நிலையங்களிலிருந்து கசிந்த அப்பொருள் நகரின் குடிநீர்க் கிணறுகளை அடைந்தது. 1996-இல் அக்கிணறுகள் மூடப்பட்டன. நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியை இழந்தது. வடிகட்டும் நிலையம் அமைத்து அந்நீரை மீண்டும் பயன்படுத்த ஏறத்தாழ 15 ஆண்டுகள் சென்றன. அதுவரை வெளியிலிருந்து நீரை விலைக்கு வாங்கியே நகரம் சமாளித்தது.

நம் தமிழகத்திலும் 2013-ஆம் ஆண்டு, சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குழாயாயினும் தொட்டியாயினும் மண்ணுக்குள் நடப்பது ஒன்றே.

நமது கடமை

புதிய பெட்ரோல் பங்க்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்றும், இடநெருக்கடி இருப்பினும் 30 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் நெறிமுறை வகுத்தது. நல்லதே. ஆனால் நிலத்தடி நீர் மீட்டர் கணக்குப் பார்த்து நிற்பதில்லை. இரட்டைச் சுவர்த் தொட்டிகளும், இரு சுவர்களுக்கிடையே கசிவை உணர்த்தும் கருவிகளும், நேர்மையான அன்றாடக் கணக்குமே உண்மையான காவல்.

செல்வமுள்ள நகரம் 15 ஆண்டுகள் விலைக்கு நீர் வாங்கிக் காத்திருக்கலாம். ஒரே கிணற்றை நம்பி வாழும் தெருவால் 15 நாட்கள்கூடக் காத்திருக்க இயலாது. ஆகவே, கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வந்தால், அதைப் பருகாமல் நிறுத்தி, உடனே அதிகாரிகளிடம் தெரிவிப்போம். அறிவியல் பயிலும் நாம், அந்நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் முதல் குரலாக இருப்போம்.