இரவல் எழுத்து

பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டால் தமது கடமை முடிந்தது எனக் கருதும் பெற்றோர் எம்மிடையே பலர். அதன் பின்னரே அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு.

பிரித்தானியாவில் இரண்டாம் ஆண்டில் கற்கும், எமக்குத் தெரிந்த மாணவர் ஒருவருக்கு அண்மையில் விசாரணைக் கடிதம் வந்தது. அவர் எவரையும் பார்த்து எழுதியவர் அல்லர். தாம் முடித்த ஒப்படையை, அவதிப்பட்ட நண்பனிடம் பார்த்துவிட்டுத் தரும்படி கொடுத்தவர். நண்பனோ சில சொற்களை மாற்றித் தனதாகவே சமர்ப்பித்துவிட்டான். இருவரும் குழுவின் முன் அழைக்கப்பட்டனர். "உதவி செய்தது குற்றமா?" என அவரது தாயார் எம்மிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் தனித்துச் செய்யவேண்டிய வேலையைப் பிறருக்குக் கொடுப்பதும் கூட்டு முறைகேடாகலாம் என்பது இங்குள்ள பல பல்கலைக்கழகங்களின் விதி.

இவ்விடயத்தில் எம்போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. ஊரில் நாம் கற்பித்த காலத்தில், எமது குறிப்பை எழுத்துப் பிசகாமல் எழுதிய மாணவனுக்கே கூடிய புள்ளி வழங்கினோம். அக்குறிப்பு எந்த நூலிலிருந்து வந்தது என நாமும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மனனமே கெட்டித்தனம் என்று கொண்டாடினோம். அதே வழியில்தான் வீட்டில் எம் பிள்ளைகளுக்கும் பாடஞ் சொல்லிக்கொடுத்தோம்.

இங்கோ கணக்கு வேறு. பிறர் சொற்களை எடுத்தால் மேற்கோட் குறியும், எடுத்த இடமும் வேண்டும். பிறர் கருத்தைத் தன் சொற்களில் எழுதினாலும் எடுத்த இடத்தைக் குறிக்கவே வேண்டும். முன்னர் ஒரு பாடத்துக்குக் கொடுத்த தனது கட்டுரையையே மறுபாடத்துக்கு அனுமதியின்றிக் கொடுப்பதும் தவறு. 2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிரி போன்ற கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் வேறுபடும். விரிவுரையாளரிடம் கேட்டறிவதே பாதுகாப்பு.

பணத்துக்கு எழுதிக்கொடுப்போரும் உளர். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவ்வியாபாரத்தையும் அதற்கான விளம்பரத்தையும் குற்றமாக்கியது. வாங்கும் மாணவருக்கோ பல்கலைக்கழகத்தின் தண்டனை காத்திருக்கிறது, வெளியேற்றப்படவும் கூடும்.

காலம் கடந்தால் தப்பலாம் என எண்ணுவதும் தவறு. ஜேர்மனியின் கல்வி அமைச்சராயிருந்த அனெற்றே ஷவான் 1980இல் பெற்ற கலாநிதிப் பட்டத்தை, 33 ஆண்டுகளின் பின், 2013இல் அவர் கற்ற பல்கலைக்கழகம் மீளப்பெற்றது. அவர் பதவி துறந்தார்.

எம் பிள்ளைகள் பலர் இரவில் வேலை செய்கின்றனர்; பகலில் பெற்றோருக்காக வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் மொழிபெயர்க்கின்றனர். ஒப்படை நாள் நெருங்கும்போது கைகள் இரவலை நாடுகின்றன. காரணத்தை முன்கூட்டியே எடுத்துரைத்துக் கால நீடிப்புக் கோர வழியுண்டு. அதனைக் கேட்பது அவமானம் அன்று என்பதை நாமே அவர்களுக்குச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சொல்லிக் குத்துவதையும் நிறுத்தவேண்டும்.

விசாரணைக் கடிதம் வந்துவிட்டால் ஒளிக்கவேண்டாம். மாணவர் சங்க ஆலோசகரை உடன் நாடுக. குறிப்புகளையும் முதற் பிரதிகளையும் எடுத்துச் செல்க. பல்கலைக்கழகத்தின் மேன்முறையீடும் முடிந்தபின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான சுயாதீன நடுவர் அலுவலகத்தில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றி முறையிடலாம்.

அம்மாணவர் எச்சரிக்கையுடன் தப்பினார். நண்பனுக்கு அப்பாடத்தில் பூச்சியம். இருவரது வீட்டிலும் இவ்விதிகளை முன்னரே எவரும் பேசியிருக்கவில்லை. வாசகர்களே, இன்றிரவு உணவு வேளையில் உங்கள் பிள்ளையிடம் இதுபற்றிப் பேசுங்கள்.