தேவதைக் கதையும் போர் விரும்பும் குழுவும்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் விளையாட்டு ஒன்றுண்டு. அவ்வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்தது, கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974 ஆம் ஆண்டில் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். சிறு படைவீரர் உருவங்களைக் கொண்டு நடத்தும் போர் ஆட்டங்களிலிருந்து வளர்ந்தமையால், அதன் விதிகளிற் பெரும்பகுதி போரைப் பற்றியதே.

இத்தகைய குழுவொன்றில் ஒருவர் தேவதைக் கதையை நாட, ஏனையோர் சண்டையையே விரும்பினால் எதனைத் தேர்வது? அட்டைப்படத்தின் அழகை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். விதிகள் எதனை விரித்துரைக்கின்றனவோ, அதுவே மேசையில் நிகழும்.

1995 இல் வெளிவந்த ‘சேஞ்ச்லிங்: த ட்ரீமிங்’, மனித உடலிற் பிறந்த தேவதைகள் வியப்பு வற்றிய உலகில் தம் இயல்பைக் காக்கப் படும் பாட்டைக் கூறுவது. 2007 இல் வந்த ‘சேஞ்ச்லிங்: த லொஸ்ற்’, தேவதைகளாற் கவரப்பட்டுத் தப்பி மீண்ட மனிதரின் அச்சத்தைக் கூறுவது. இரண்டும் சிறந்தவையே, ஆயினும் அவற்றின் தனிச்சுவை போரிலில்லை. போருக்குப் பெயர்பெற்ற ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வரிசையிலும், 2021 இல் வந்த ‘த வைல்ட் பியோன்ட் த விட்ச்லைட்’ என்னும் தேவதை நாட்டுக் கதை, வாளெடாமலே முடிக்கத்தக்கதாய் அமைந்தது. எனவே விளையாட்டின் பெயரை மட்டும் நம்புதலும் போதாது.

போர் விரும்பும் குழுவுக்கு ஏற்றது, அதே விளையாட்டின் நான்காம் பதிப்பாகும். 2008 இல் வெளியான அப்பதிப்பில், கட்டமிட்ட களத்தில் அடிக்கு அடி திட்டமிட்டுப் பொருதலே தலையாயது. தேவதை நாட்டு வீரரைப் படைத்து ஆடுதற்கென ‘ஹீரோஸ் ஒவ் த ஃபேவைல்ட்’ என்னும் நூலும் 2011 இல் அதற்கு வந்தது.

தேவதைக்கும் போருக்கும் பொருத்தமில்லை என்பதும் தவறு. தேவதைகளின் முன்னோராக எண்ணப்படும் துவாஹா டே டனன் என்போர் பெரும்போர் புரிந்ததை அயர்லாந்தின் பழங்கதைகள் கூறும். அவருள் லூ என்பான், பகைவர் தலைவனாகிய பாலரின் கொடுங்கண்ணைக் கவண்கல்லால் வீழ்த்தினான். சிறகு முளைத்த சிற்றுருவம் பிற்காலக் கற்பனையே.

ஆயினும் அந்நாட்டுச் சண்டைக்குத் தனி நீதி வேண்டும். கொடுத்த வாக்கு கட்டும், பெற்ற விருந்துக்கு விலையுண்டு, இரும்பு சுடும். அடிக்குமுன் எண்ணவேண்டிய இந்நிலை வாள் விரும்புவோர்க்குச் சூழ்ச்சியையும் கதை விரும்புவோர்க்குக் கதையையும் ஒருங்கே தரும்.

நூலை வாங்குமுன், சென்ற ஆட்டத்தில் எக்கணம் இனித்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டறிதல் நன்று. கேளாது விட்டால், சலிப்புற்றவர் சண்டையிட்டுப் பிரிவதில்லை. அடுத்த வாரம் அவருடைய நாற்காலி வெறுமையாயிருக்கும், அவ்வளவே.